சீட்டில் 6 மில்லி, கையில் 250 என்று போட்ட பாட்டில்: பிள்ளையின் காய்ச்சல் மருந்தை எப்படி அளக்க?

குழித்துறை அம்மா கேட்டது:

பிள்ளைக்கு 2 வயசு, எடை 12 கிலோ. பனி, அதான் காய்ச்சல், 101 டிகிரி காட்டுது. டாக்டர் சீட்டுல பாராசிட்டமால் 120/5, 6 மில்லி, தேவைப்பட்டா 6 மணிக்கூருக்கு ஒருக்கான்னு எழுதியிருக்கார். மெடிக்கல்ல 120 தீர்ந்துபோச்சுன்னு 250-ன்னு போட்ட பாட்டில் தந்திருக்காங்க. ரெண்டும் ஒரே மருந்துதான், இது கொஞ்சம் பவர் கூடுதல், அவ்வளவுதான்னு சொன்னாங்க. அப்போ 6 மில்லியே குடுக்கலாமா, குறைக்கணுமா? குறைக்கணும்னா எவ்வளவு?

ரெண்டாவது, மருந்து அளக்குற மூடியைக் காணல்ல. சமையலுக்கு வாங்கின எலக்ட்ரானிக் தராசு உண்டு. சின்னக் கிண்ணத்தை வச்சு ஜீரோ ஆக்கிட்டு 6 கிராம் ஊத்தினா 6 மில்லி ஆயிடும்தானே? தண்ணி 1 மில்லின்னா 1 கிராம்னு பள்ளிக்கூடத்துல படிச்சது.

மூணாவது, லேபிள்ல 5 மில்லிக்கு 250 மில்லிகிராம்னு இருக்கு. 5 மில்லின்னா 5 கிராம், அதாவது 5000 மில்லிகிராம். அப்போ இந்த 250 எதோட கணக்கு? இது புரியாம மருந்தைக் கையில எடுக்கவே பயமா இருக்கு.


தக்கலை மருந்தாளுநர்:

அக்கா, முதலில் கேட்டதற்கு முதலில் பதில். 250 பாட்டிலில் 6 மில்லி கொடுக்காதீர்கள். அதில் உங்கள் பிள்ளைக்கான அளவு 2.9 மில்லி. கொடுக்கும் முன் டாக்டருக்கோ அந்தக் கடைக்கோ ஒரு போன் போட்டு இந்தக் கணக்கைச் சொல்லி ஒத்துப்பாருங்கள். பாட்டில் மாறினால் அளவையும் மாற்றி எழுதித் தர வேண்டியது கடைக்காரரின் வேலை. "பவர் கூடுதல், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்புவது பாதி வேலைதான்.

கணக்கு வந்த வழி இது. டாக்டர் எழுதியது 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள மருந்து. அப்படியென்றால் ஒரு மில்லியில் 24 மில்லிகிராம். 6 மில்லிக்கு 144 மில்லிகிராம். பிள்ளை 12 கிலோ, ஆகவே கிலோவுக்கு 12 மில்லிகிராம். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 வரை கொடுப்பது வழக்கம், எனவே சீட்டு சரியாகத்தான் இருக்கிறது. இப்போது கையில் உள்ள பாட்டிலில் 5 மில்லிக்கு 250, ஒரு மில்லியில் 50. நமக்கு வேண்டியது அதே 144 மில்லிகிராம். 144-ஐ 50-ஆல் வகுத்தால் 2.88. அதுதான் 2.9.

6 மில்லியே கொடுத்திருந்தால் 300 மில்லிகிராம் போயிருக்கும், கிலோவுக்கு 25. ஒரே ஒரு வேளை இப்படிக் கூடிப்போனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் காய்ச்சல் நிற்காமல் மூன்று நாள், நாளைக்கு நாலு வேளை இதையே கொடுத்தால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகிவிடும். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 60-ஐத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அதை இப்படி நாள்கணக்கில் தாண்டிப்போனால் ஈரல் கெடும்.

இதைவிடப் பெரிய பொறி சொட்டு மருந்து பாட்டில். கைக்குழந்தைகளுக்கென்று 15 மில்லி பாட்டிலில் வரும் பாராசிட்டமால் டிராப்ஸில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். பாட்டில் சிறிது, பிள்ளையும் சிறிது, அதனால் மருந்தும் லேசானது என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கைக்குழந்தை நிறைய விழுங்காது என்பதால் கொஞ்ச நீரில் கூடுதல் மருந்தை அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த டிராப்ஸை 6 மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளில் போகக்கூடிய மொத்தத்தில் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே வாயில் போய்விடும். டிராப்ஸில் உங்கள் பிள்ளைக்கு வேண்டியது 1.4 மில்லிதான்.

தலைகீழாகவும் தவறு நடக்கும். டிராப்ஸுக்கு எழுதிய 1.4 மில்லியை 120 சிரப்பில் எடுத்தால் 34 மில்லிகிராம்தான் உள்ளே போகும். காய்ச்சல் இறங்காது. மருந்து கேட்கவில்லை என்று அடுத்து இபுப்ரொஃபெனுக்குத் தாவுவார்கள். மழைக்காலத்தில் டெங்கு இல்லை என்று தெரியும் முன் இபுப்ரொஃபெனைத் தொடக்கூடாது, அதில் ரத்தக்கசிவு அபாயம் உண்டு. அளவு குறைவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இது விளங்கினால் மற்ற இரண்டும் தானே விளங்கும். 5 மில்லி என்பது நீங்கள் ஊற்றும் மொத்தப் பாகு. அதில் சர்க்கரை அல்லது சார்பிட்டால், கிளிசரின், தண்ணீர், நிறம், மணம் எல்லாம் உண்டு. 250 மில்லிகிராம் என்பது அந்தப் பாகுக்குள் இருக்கும் பாராசிட்டமால் பொடியின் எடை மட்டும். ஒரு தம்ளர் காப்பியில் இரண்டு ஸ்பூன் சீனி என்று சொல்வது போல. தம்ளரின் அளவு வேறு, சீனியின் அளவு வேறு. டாக்டர் மனதில் கணக்குப் போடுவது மில்லிகிராமில், கையால் அளக்க முடிவது மில்லியில். இரண்டையும் இணைப்பது லேபிளில் "ஒவ்வொரு 5 மில்லியிலும்" என்று தொடங்கும் அந்த ஒரே வரிதான். அந்த வரியைப் படிக்காமல் மில்லியை மட்டும் ஒரு பாட்டிலிலிருந்து இன்னொரு பாட்டிலுக்குக் கொண்டுபோகக்கூடாது.

தராசு வேண்டாம். தண்ணீருக்கு மட்டும்தான் ஒரு மில்லி ஒரு கிராம். தேங்காயெண்ணெய்ப் பாக்கெட்டைப் பாருங்கள், 1 லிட்டர் என்று போட்டு அருகிலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். மார்த்தாண்டம் தேன் ஒரு லிட்டர் வாங்கினால் எடை சுமார் 1.4 கிலோ நிற்கும். மருந்துச் சிரப் இரண்டுக்கும் நடுவே. எவ்வளவு சர்க்கரை என்பதைப் பொறுத்து மில்லிக்கு 1.1 முதல் 1.3 கிராம் வரை போகும். 1.2 என்று வையுங்கள். தராசில் 6 கிராம் வரும்போது கிண்ணத்தில் இருப்பது 5 மில்லிதான். ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. போதாததற்குச் சமையல் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். 2.9 மில்லி போன்ற சிறிய அளவில் அரை கிராம் இப்படி அப்படிப் போனாலே பெரிய பிசகு. கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதும் சேரும்.

ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மெடிக்கலிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.


குலசேகரம் ரப்பர்:

மருந்தாளுநர் சார் சொன்னதை நம்ம மலைப்பக்கம் உள்ளவங்க ஒரு நொடியில பிடிச்சுக்கிடலாம். ரப்பர் பால் எடுக்கிற ஆளு லிட்டருக்கு இவ்வளவுன்னு விலை போடமாட்டாரு. டி.ஆர்.சி. பாப்பாரு, அதாவது அந்தப் பால்ல காஞ்ச ரப்பர் எவ்வளவு உண்டுன்னு. டி.ஆர்.சி. 35 உள்ள பத்து லிட்டர் பாலும், 30 உள்ள பத்து லிட்டர் பாலும் பக்கெட்டுல ஒரே மாதிரி நிக்கும். ஆனா ஒண்ணுல காஞ்ச ரப்பர் கிட்டத்தட்ட மூணரை கிலோ, மத்ததுல மூணு கிலோ. மழைத்தண்ணி விழுந்த பால்னா இன்னும் குறையும். லிட்டர்தான் மில்லி, காஞ்ச ரப்பர்தான் மில்லிகிராம், டி.ஆர்.சி.தான் லேபிள்ல உள்ள 120, 250 எல்லாம்.

ஒரு இடத்துல மட்டும் இந்த ஒப்பு முறியும், அதையும் சொல்லிடணும். மெட்ரோலாக்னு உள்ள மிதவைக் கருவியைப் பாலுல மிதக்கவிட்டா எந்த ஆழத்துல நிக்குதுன்னு பாத்து ரப்பர் எவ்வளவுன்னு சொல்லிடலாம், ஏன்னா ரப்பர் தண்ணியை விட லேசு. சிரப்புல அப்படிப் பாக்க முடியாது. அதுல கனத்தைக் கூட்டுறது சர்க்கரைப் பாகு, மருந்து இல்ல. கெட்டியா இருக்கிற சிரப் பவர் கூடினதுன்னும், தண்ணி மாதிரி ஓடுறது பவர் குறைஞ்சதுன்னும் நினைச்சுக்கிடாதீங்க. லேபிளைத் தவிர வேற ஒண்ணுலயும் அது தெரியாது.


கருங்கல் தாத்தா:

எங்கள் வீட்டில் இன்சுலின் சிரிஞ்ச் எப்போதும் உண்டு. அதில் கோடு ரொம்ப நெருக்கமாக இருப்பதால் துல்லியமாக எடுக்கலாமே? இல்லாவிட்டால் 20 சொட்டு 1 மில்லி என்ற கணக்கில் சொட்டு எண்ணிக் கொடுக்கலாம். முன்பெல்லாம் சங்கில் ஊற்றித்தான் புகட்டினோம், பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்ந்தன.


நாகர்கோவில் செவிலி:

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இன்சுலின் சிரிஞ்ச் மட்டும் வேண்டாம். அதில் உள்ள எண் மில்லி இல்லை, இன்சுலின் யூனிட். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 40 என்ற கோடு வரை இழுத்தால்தான் 1 மில்லி. யூனிட் 100 என்று இன்னொரு சிரிஞ்சும் உண்டு, அதில் 100 வரை இழுத்தால் 1 மில்லி. இரண்டிலும் 10 என்ற எண் இருக்கும். ஒன்றில் அது கால் மில்லி, மற்றதில் மில்லியில் பத்தில் ஒன்று. அவசரத்தில் யாராவது "10 எடு" என்று சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். தவிர, பலவற்றில் ஊசி கழற்ற வராதபடி ஒட்டியே இருக்கும். பிள்ளையின் வாயருகே அதைக் கொண்டுபோகக்கூடாது.

20 சொட்டு 1 மில்லி என்பதும் தண்ணீருக்கு, குறிப்பிட்ட ஒரு டிராப்பருக்கு, அதை நேராகப் பிடித்தால்தான் பொருந்தும். துவாரம் பெரிதானால் சொட்டு பெரிதாகும். சாய்த்துப் பிடித்தால் மாறும். பாகு தண்ணீர் போலச் சொட்டாது. ஒரு மருந்தின் டிராப்பரைக் கழுவி இன்னொரு மருந்துக்குப் பயன்படுத்துவதும் இதனால்தான் தப்பு. அந்த டிராப்பரில் உள்ள கோடு அந்த மருந்துக்காகவே போட்டது.

சங்கு, பாலாடை பால் புகட்டவும் அளந்த மருந்தை வாயில் விடவும் நல்லவைதான். அளப்பதற்கு இல்லை. ஒரு வீட்டுச் சங்கு கொள்வது இன்னொரு வீட்டுச் சங்கு கொள்ளாது. மருந்தைச் சிரிஞ்சில் அளந்து சங்கில் விட்டுக் கொடுத்தால், கடைசியில் ஒட்டியிருப்பதை ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு அலசி அதையும் புகட்டிவிடுங்கள். கரண்டியும் அப்படியே. டீஸ்பூன் என்றால் 5 மில்லி என்பது காகிதக் கணக்கு. வீட்டில் டீ கலக்கும் ஸ்பூன்களில் சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளந்து பாருங்கள், ஒன்று 3 மில்லியில் நிரம்பும், இன்னொன்று 7 வரை வாங்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2015-லேயே ஸ்பூன் என்ற சொல்லை விட்டுவிட்டு மில்லியில் மட்டுமே எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

அக்கா, சிரிஞ்சில் எடுக்கும் முறையைச் சொல்கிறேன், இங்கேதான் நிறையப் பேர் பிசகுகிறார்கள். முதலில் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், அடியில் ஒன்றும் தங்காத வரை. பிள்ளைகளுக்கான பாராசிட்டமால் பலவும் சஸ்பென்ஷன்தான், அதாவது மருந்துப் பொடி கரையாமல் மிதந்துகொண்டிருப்பது. குலுக்காமல் எடுத்தால் முதல் நாள்களில் மேலே உள்ள தெளிவான, மருந்து குறைந்த பாகு போகும். பாட்டில் தீரும்போது அடியில் தங்கிய கெட்டியான பகுதி போகும். 2.9 மில்லி என்று எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லாமல் ஆகும். வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளில் இது மிகப் பெரிய பிரச்சினை.

பிறகு கொஞ்சம் மருந்தைச் சுத்தமான சிறு கிண்ணத்தில் ஊற்றி, அதிலிருந்து சிரிஞ்சில் இழுங்கள். பாட்டிலுக்குள் சிரிஞ்சை விட்டால் பாட்டில் முழுதும் அசுத்தமாகும். வேண்டியதை விடச் சற்று கூடுதலாக இழுத்து, முனையை மேலே பிடித்து, பக்கத்தில் விரலால் தட்டினால் காற்றுக்குமிழ் மேலே வரும். அதைத் தள்ளி வெளியேற்றிவிட்டு அளவுக் கோட்டுக்கு வாருங்கள். அந்தக் குமிழியைச் சும்மா விட்டால் அதுவும் அளவில் சேர்ந்துகொள்ளும், மருந்து குறையும். உள்ளே உள்ள கறுப்பு ரப்பருக்கு இரண்டு விளிம்பு உண்டு. மருந்தைத் தொடும் மேல் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. அடி விளிம்பைப் பார்த்துப் படித்தால் ஒவ்வொரு முறையும் மருந்து குறைவாகவே போகும். சிலவற்றில் ரப்பர் நடுவில் கூம்பு போல நீட்டியிருக்கும், அந்தக் கூம்பின் நுனியைப் பார்க்காமல் வட்ட விளிம்பைப் பாருங்கள்.

மூடி கிடைத்துவிட்டால் அதை மேசைமேல் வைத்து, குனிந்து கண்மட்டத்தில் பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் சாயும். மேலிருந்து பார்த்தாலும் தப்பான கோடு தெரியும். நீரின் ஓரம் சற்று மேலேறி நடுவில் குழிந்திருக்கும், குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். மூடியில் பொதுவாக 2.5, 5, 7.5, 10 என்று கோடு இருக்கும். 5, 10 மில்லிக்கு அது போதும். 2.9-க்கு உதவாது.

கொடுக்கும்போது பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்ச் முனையைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீச்சினால் புரையேறும். சிரிஞ்ச் முனையில் சிறிய மூடி இருந்தால் வாங்கியவுடன் தூக்கி எறியுங்கள். அது பறந்து பிள்ளையின் தொண்டையில் சிக்கும் அளவுதான் இருக்கும். மருந்தைப் பால் பாட்டிலில் கலக்கவும் வேண்டாம், பிள்ளை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது.


குழித்துறை அம்மா:

மூணு பேருக்கும் நன்றி. டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டாச்சு, 250-ல 2.9-தான்னு சொல்லிட்டார். இன்னும் ரெண்டு சந்தேகம். மஸ்கட்ல இருந்து அண்ணன் கொண்டுவந்த பாராசிட்டமால் பாட்டில் ஒண்ணு கெடக்கு, அமெரிக்காவுல உள்ள சித்தி மக கொண்டுவந்தது ஒண்ணு. அதையும் இதே 2.9 கணக்குல எடுக்கலாமா? பொறவு, தொண்டைப் புண்ணுக்கு டாக்டர் எழுதின ஆன்டிபயாட்டிக் பொடியா இருக்கு, 228.5-ன்னு போட்டிருக்கு. அதுல 30 மில்லி தண்ணி அளந்து ஊத்தணுமா?


தக்கலை மருந்தாளுநர்:

2.9 என்பது கையில் உள்ள 250 பாட்டிலுக்கு மட்டும். நீங்கள் மனதில் வைக்க வேண்டிய எண் 144 மில்லிகிராம். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான பாராசிட்டமால் நீர்மருந்து இப்போது பெரும்பாலும் 5 மில்லிக்கு 160, அதாவது மில்லிக்கு 32. 144-ஐ 32-ஆல் வகுத்தால் 4.5 மில்லி. ஆனால் அங்கே 2011 வரை கைக்குழந்தை டிராப்ஸ் 0.8 மில்லிக்கு 80 மில்லிகிராம் என்று மூன்று மடங்கு செறிவாக வந்தது. இரண்டும் கலந்து குழப்பம் வந்ததால்தான் ஒரே செறிவுக்கு மாற்றினார்கள். அமெரிக்கப் பாட்டிலில் பெயரும் வேறாக இருக்கும், பாராசிட்டமால் என்று இல்லாமல் அசிட்டமினோஃபென் என்றிருக்கும். இரண்டும் ஒன்றே. இது தெரியாமல் இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவார்கள். வளைகுடா பாட்டிலிலும் லேபிள் வரியைப் படித்து அதே வகுத்தலைச் செய்யுங்கள். லேபிள் அழிந்திருந்தாலோ, திறந்து நாளாகியிருந்தாலோ, காலாவதித் தேதி தாண்டியிருந்தாலோ கொட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சளி சிரப் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். இபுப்ரொஃபென் 100, பாராசிட்டமால் 162.5 என்று 5 மில்லியில் சேர்த்து வருவதும் உண்டு. மெஃபனமிக் அமிலத்தோடு சேர்த்தும் வரும். பாட்டிலின் முன்பக்கத்துப் பெரிய பெயரை விட்டுவிட்டு, உள்ளடக்கம் என்ற சிறிய எழுத்தைப் படியுங்கள். காய்ச்சல் மருந்தும் சளி மருந்தும் சேர்ந்து போகும்போது பாராசிட்டமால் இருமடங்கு ஆவது இப்படித்தான்.

பொடி விஷயத்துக்கு வருகிறேன். 30 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றாதீர்கள். பாட்டிலில் உள்ள 30 மில்லி என்பது பொடியும் தண்ணீரும் சேர்ந்து ஆகவேண்டிய மொத்தம். பொடிக்கும் இடம் உண்டு. 30 மில்லி தண்ணீர் தனியாக ஊற்றினால் மொத்தம் 30-ஐத் தாண்டும், ஒவ்வொரு 5 மில்லியிலும் மருந்து குறையும். ஆன்டிபயாட்டிக்கில் குறைந்த அளவு கிருமியை முழுதாகக் கொல்லாது.

முதலில் மூடிய பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிடுங்கள், அடியில் கட்டியாக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. பெட்டியோடு தண்ணீர்க் குப்பி வந்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கொதிக்கவைத்து முழுதும் ஆறிய தண்ணீர். வெந்நீர் கூடாது, மருந்து கெடும். பாட்டிலில் உள்ள குறிக்குப் பாதி அளவு தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். பொடி முழுதும் நனைந்த பின் குறி வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். இப்போது நுரை வரும், நுரையின் உச்சி குறியைத் தொட்டதும் போதும் என்று நினைப்பது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. சில நிமிடம் வைத்தால் நுரை அடங்கி மட்டம் கீழே இறங்கும். மறுபடி குறி வரை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் மருந்து செறிவாகிவிடும். கலந்த தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதுங்கள். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த இந்த மருந்தைப் பிரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கக்கூடாது.

228.5 என்ற விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்றால், 5 மில்லியில் அமாக்சிசிலின் 200, கிளாவுலானிக் அமிலம் 28.5. இரண்டையும் கூட்டிய எண். இதிலேயே இரட்டைச் செறிவு 457, அதில் 400-ம் 57-ம். டாக்டர் 228.5 எழுதிக் கடையில் 457 கொடுத்தால் மில்லி பாதியாகும். காய்ச்சல் மருந்தில் செய்த அதே கணக்குதான்.


இரணியல் பாட்டி:

எங்கள் பேத்திக்கு 3 மாதம். வைட்டமின் டி சொட்டு மருந்தில் மில்லிகிராமே இல்லை, ஐ.யு. என்று இருக்கிறது. அதை எப்படி மில்லிகிராம் ஆக்குவது?


நாகர்கோவில் செவிலி:

பாட்டி, ஆக்க வேண்டியதில்லை. ஐ.யு. என்பது எடையில்லை, அந்தச் சத்து உடம்பில் செய்யும் வேலையை வைத்துப் போட்ட அலகு. ஒவ்வொரு மருந்துக்கும் தனி. வைட்டமின் டியில் 400 ஐ.யு. என்பது 10 மைக்ரோகிராம். வைட்டமின் ஏயில் ஒரு ஐ.யு. 0.3 மைக்ரோகிராம். இன்சுலின் யூனிட் இன்னொன்று. ஒன்றின் கணக்கு மற்றதற்கு ஆகாது.

கைக்குழந்தைக்கு வழக்கமாக எழுதுவது நாளுக்கு 400 ஐ.யு. பாட்டிலில் மில்லிக்கு 400 என்றிருந்தால் 1 மில்லி, 800 என்றிருந்தால் அரை மில்லி. ஆனால் ஒரே ஒரு சொட்டில் 400 ஐ.யு. உள்ள பாட்டிலும் வருகிறது. அதை 1 மில்லி கொடுத்தால் இருபது முப்பது சொட்டு விழும், ஒரே நாளில் 8,000 முதல் 12,000 வரை போய்விடும். பெரியவர்களுக்கு 5 மில்லி பாட்டிலில் மொத்தம் 60,000 ஐ.யு. என்றும் வரும், வாரம் ஒருமுறை குடிப்பது. பாட்டில் சிறிதாகவே இருப்பதால் வீட்டில் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். டி சத்து கூடினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிப் பிள்ளைக்கு வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரும்.

அங்கன்வாடியில் கொடுப்பதையும் வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 9 மாதத்தில் கொடுக்கும் வைட்டமின் ஏ ஒரு லட்சம் ஐ.யு., அது 1 மில்லி. அடுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 வயது வரை இரண்டு லட்சம், அது 2 மில்லி. அதற்கென்று கோடு போட்ட ஸ்பூன் அந்தப் பாட்டிலோடு வரும், அவர்களே ஊற்றிக் கொடுப்பார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை தரும் இரும்புச்சத்து சிரப் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இரும்பு, வாரம் இரண்டு முறை 1 மில்லி. கடையில் வாங்கும் இரும்பு டானிக்கில் செறிவு வேறாக இருக்கும். அதில் சில லேபிள்கள் இரும்பு உப்பின் எடையைப் பெரிதாகவும் தனி இரும்பின் எடையைச் சிறிதாகவும் போடும். பார்க்க வேண்டியது தனி இரும்பு.

சீட்டில் மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தால் அதை மில்லிகிராம் என்று படித்துவிடாதீர்கள், ஆயிரம் மடங்கு வித்தியாசம். புள்ளியும் அப்படித்தான். .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகும், 1.0 என்றால் 10 ஆகும். சந்தேகம் வந்தால் டாக்டரிடமே எழுத்தில் கேளுங்கள், அரை மில்லி, ஒரு மில்லி என்று.

இரவில் தூக்கக் கலக்கத்தில் அம்மா ஒரு முறை, அப்பா ஒரு முறை என்று கொடுத்து அளவு மிகையாவதும் நடக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தை பாட்டிலில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, கொடுத்த நேரத்தையும் மில்லியையும் எழுதுங்கள். பிள்ளை பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டது, அல்லது அளவு பல மடங்கு போய்விட்டது என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்கக்கூடாது. பாராசிட்டமால் மிகையானால் முதல் நாள் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, ஈரல் அதற்குப் பிறகுதான் பாதிக்கும். விஷமுறிவு மருந்து 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள், வண்டி இல்லாவிட்டால் 108. வீட்டில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 3 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக் கணக்கே போட வேண்டாம், நேராக டாக்டரிடம்.


குலசேகரம் ரப்பர்:

எடையும் நீரும் சேர்ற இன்னொரு இடம் உண்டு, வயித்துப்போக்குக்கு உள்ள ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 20.5 கிராம், அதுக்கு 1 லிட்டர் தண்ணி. சின்னது 4.2 கிராம், அதுக்கு 200 மில்லி. பெரிய பாக்கெட்டைப் பிரிச்சு கண்ணளவுல ஒரு ஸ்பூன் தம்ளர்ல போடுறாங்க. உப்பும் சீனியும் பொடிக்குள்ள ஒரே சீரா கலந்திருக்காது, பிரிச்சா ஒரு தம்ளர்ல உப்பு கூடும், ஒண்ணுல குறையும். உப்பு கூடினா பிள்ளைக்குக் கெடுதல். பாக்கெட் முழுசா, தண்ணி முழுசா. லிட்டருக்குப் பாத்திரம் இல்லன்னா ஒரு லிட்டர் குடிதண்ணி பாட்டிலே அளவுதான். 24 மணிக்கூருக்குப் பொறவு மிச்சம் இருந்தா கொட்டிரணும்.


குழித்துறை அம்மா:

சிரிஞ்ச் வாங்கியாச்சு. 5 மில்லி சிரிஞ்ச்ல சின்னக் கோடு ஒவ்வொண்ணும் 0.2 மில்லி. 2.8-க்குக் கோடு உண்டு, 3-க்கு உண்டு, 2.9-க்கு இல்ல. என்ன செய்ய?


தக்கலை மருந்தாளுநர்:

2.8 எடுங்கள் அக்கா. 140 மில்லிகிராம், கிலோவுக்கு 11.7. டாக்டர் சொன்னதிலிருந்து 4 மில்லிகிராம்தான் வித்தியாசம். நாலு வேளை கொடுத்தாலும் நாளைக்கு 560, கிலோவுக்கு 47-ஐத் தாண்டாது. 2.8 கோட்டில் சிரிஞ்சின் மேல் ஒரு சிறு பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள், இரவில் யார் எடுத்தாலும் அதே அளவில் நிற்கும். பாட்டில் தீர்ந்து 120 வாங்கிவிட்டால் அந்தப் பிளாஸ்டரை மறக்காமல் பிய்த்துவிடுங்கள்.